கணக்கில் வராத முதுமை

கிள்ளான் நகரத்துப் பழைய தெருக்களிலும், பிரிக்ஃபீல்ட்ஸை அடுத்த குடியிருப்புகளிலும், பெட்டாலிங் ஜெயா, பூச்சோங் முதலிய இடங்களிலும் புதுவகைப் பெயர்ப்பலகை ஒன்று ஆண்டுக்காண்டு பெருகி வருவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். முதியோர் இல்லம் என்றும், பராமரிப்பு மையம் என்றும், தாதியர் இல்லம் என்றும் அப்பலகைகள் பல பெயர் சொல்லும். உள்ளே சென்று பார்த்தால் பெரும்பாலும் அது ஒரு சாதாரண வீடுதான். அல்லது பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டின் நடுச்சுவரைத் திறந்து ஒன்றாக்கியதாக இருக்கும். கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், மூலையில் சக்கர நாற்காலிகள், ஓயாமல் ஓடும் ஒரு தொலைக்காட்சி. கட்டணம் மாதத்துக்கு இரண்டாயிரம் வெள்ளி, மூவாயிரம் வெள்ளி என்று இருக்கும். நோய் முற்றியவருக்கு அதற்கும் மேல் போகும்.

இவ்வில்லங்களை நடத்துவோரிடம் பேசினால் எல்லோரும் ஒரே முறையீட்டைத்தான் சொல்லுகிறார்கள். கட்டிலுக்கு ஆள் இருக்கிறது, கட்டிலில் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை என்பதே அது. வந்த ஆளும் ஆறு மாதம் நிற்பதில்லை என்கிறார்கள். இரவு வேலைக்கு ஒருவர் வராவிட்டால் இருபது கிழவர்களுக்கு ஒரே பெண் என்றாகிவிடுகிறது. படுக்கைப் புண் வருவதும், தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் பெரும்பாலும் அத்தகைய இரவுகளில்தான்.

இந்நிலைக்கு நம் மக்கள் சொல்லும் காரணம் மிகச் சுருக்கமானது. “காலம் கெட்டுவிட்டது, பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை” என்பார்கள். மேடையில் பேசுவோரும் இதையே நீட்டிப் பேசுகிறார்கள். நமக்கு இவ்விளக்கத்தில் நம்பிக்கையில்லை. முன்னொரு காலத்தில் நம் கிழவர்கள் சீரும் சிறப்புமாகப் பராமரிக்கப்பட்டார்கள் என்பதும், இன்று அது கெட்டது என்பதும் சரித்திரத்துக்கு ஒத்துவராத பேச்சு. மலாயாவில் தமிழ்த் தொழிலாளியின் முதுமை எக்காலத்திலும் எவருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை. அதன் செலவை ஒவ்வொரு காலத்திலும் யாராவது ஓர் ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு, ஏற்றியவர்கள் கணக்கை மூடிக்கொண்டார்கள். இன்று ஆளில்லை என்று கூவுவது அந்தப் பழைய கணக்கின் பாக்கியே ஒழிய வேறல்ல. எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நூறாண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்துக்குள் நுழைந்தவர் அங்கே கிழவர்களை மிக அரிதாகவே கண்டிருப்பார். நம் ஊர்க் கிராமத்தில் திண்ணைக்குத் திண்ணை ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். இங்கே திண்ணையும் இல்லை, கிழவரும் இல்லை. காரணம் வெளிப்படை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டியபோது வயதும் வலுவும் பார்த்துத்தான் கட்டினான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ, 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கியபோது, நோய் உண்டா என்று ஒதுக்கிவைத்துப் பார்த்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் துறைமுகம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். இன்று அதன் வழியாகப் பெட்டி பெட்டியாகச் சரக்குகள் இறங்குகின்றன. அன்று இறங்கிய சரக்கு நாம்.

1907-இல் சர்க்கார் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்திற்று. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள், அவர்கள் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி இந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு புதிய ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கொடுக்கப்பட்டது. அதே நிதியிலிருந்துதான், உழைத்துத் தளர்ந்தவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவும், திருப்பியனுப்ப வழியில்லாத நலிந்தோருக்கான இல்லங்களின் செலவும் பார்க்கப்பட்டன. இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் ஒரே பெட்டியிலிருந்து பணம். இளைஞனைக் கொண்டுவரும் கப்பலிலேயே கிழவனை ஏற்றி அனுப்பிவிடுவது. மலாயா உழைப்பை எடுத்துக்கொள்ளும். தஞ்சையும் திருச்சியும் சேலமும் முதுமையை ஏற்றுக்கொள்ளும். இதற்குச் சர்க்கார் சூட்டிய பெயர் ‘தாயகம் திருப்புதல்’. பெயரில் ஒரு குறையும் இல்லை!

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்த ஏற்பாட்டின் உண்மை உருவம் தெரிந்தது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பியனுப்பப்பட்டார்கள். இரப்பர் விலை விழுந்தது, ஆள் வேண்டாம், ஆகவே கப்பல். போனவர்களை ஊரில் எவர் வைத்துப் பார்த்தார்கள் என்று எந்த ரிப்போர்ட்டும் கேட்கவில்லை. 1928-இல் சட்டப்படி நிர்ணயித்த கூலி முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. இந்தக் கூலியில் எவன் தன் அறுபதாம் வயதுக்கு எடுத்து வைத்திருப்பான்?

அதே காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்ந்த ரெயில்வே ஊழியர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நிரந்தர உத்தியோகத்தில் இருந்த கிராணிக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் வேலையிலிருந்து விலகிய பின் பென்ஷன் உண்டு. அவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுக்கு முதுமை என்பது சர்க்கார் கணக்கில் ஒரு வரியாக இருந்தது. தண்டவாளத்தில் கட்டை மாற்றிய தமிழனுக்கும், பால் வெட்டிய தமிழனுக்கும் அவ்வரி இல்லை. மொழி ஒன்று, துறைமுகம் ஒன்று. ஆயினும் ஒருவருக்கு முதுமை உரிமை, மற்றவருக்கு அது அவரவர் தலைவிதி. விதி என்று சொல்லப்படுவதைச் சற்றுத் தோண்டினால் அடியில் ஒரு சம்பளப் பட்டியல் அகப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தோட்டத்திலேயே தங்கிவிட்ட சில கிழவிகளுக்குக் கிடைத்த வேலை ஒன்று உண்டு. அதுதான் ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். பால் வெட்டவும் களை எடுக்கவும் வலுவற்ற ஒரு கிழவி அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். தொட்டில் ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, கழுவுவது, நோயென்றால் டிரெசரிடம் தூக்கிச் செல்வது எல்லாம் அவள் பொறுப்பு. தோட்டத்தின் அடுத்த தலைமுறை முழுவதும் அவள் மடியில்தான் வளர்ந்தது. அவளுக்குக் கொடுத்த கூலியோ தோட்டத்துக் கூலிகளில் கடைசிக் கூலி. வேறு வேலைக்கு உதவாதவள் செய்வதற்கென்று ஒதுக்கப்பட்ட வேலை என்று பராமரிப்பு அன்றே முத்திரை பெற்றுவிட்டது. இன்று ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வா என்று நம் பெண்ணொருத்தியை அழைத்தால் அவள் முகம் சுளிக்கிறாள் என்றால், அச்சுளிப்புக்கு ஆயாக் கொட்டகையின் வயது.

1938 ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகள் மலாயாவுக்குக் கப்பலேறுவதைத் தடுத்தது. முந்தைய ஆண்டு வெளியான சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கையில் கங்காணி முறை ஒழிய வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. கூலி குறைப்புத் தகராறும் சேர்ந்துகொண்டது. புதிய ஆள் வருவது நின்றதும் பழைய ஆள் போவதும் குறைந்தது. இங்கேயே வேரூன்றிய ஒரு தமிழ்ச் சமூகம், முதன்முறையாக இங்கேயே கிழமாகத் தொடங்கிற்று.

ஆயினும் அதை எவரும் உணரவில்லை. 1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நம் சரித்திரத்தில் பொன்னெழுத்தால் எழுதத்தக்கது. ஆர். எச். நாதன் போன்றோர் அதற்குத் துணை நின்றார்கள், அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர். அத்தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், நல்ல வைத்தியம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களைத் தொல்லைப்படுத்துவதை நிறுத்தச் சொன்னார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். மனிதனாக நடத்து என்பதே அத்தனைக்கும் சாரம். ஆனால் வேலை செய்ய முடியாத காலத்தில் எங்களுக்கு என்ன வழி என்ற கேள்வி அதில் இல்லை. அவர்கள்மீது குற்றமில்லை. முதுமைக்கு ஊர் இருக்கிறது என்று ஒவ்வொருவனும் மனதுக்குள் நம்பியிருந்தான். பெட்டியின் அடியில் ஊர் முகவரி எழுதிய ஒரு கடிதமாவது இருந்தது.

அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம்-பர்மா ரெயில் பாதைக்கென்று தோட்டங்களிலிருந்து வாரிக்கொண்டு போகப்பட்ட நம்மவர் பல்லாயிரம் பேர் 1942, 1943-இல் அக்காட்டிலேயே மாண்டார்கள். போனவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர். அவர்கள் மாண்டதால் இங்கே விதவையானவர்களும், பிள்ளையை இழந்த தாய்மார்களும், முப்பது ஆண்டு கழித்து யாருடைய கைச்சோற்றில் உட்கார்ந்தார்கள் என்பது இன்னும் எழுதப்படாத சரித்திரம்.

போருக்குப் பின் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. இத்தகைய தேசிய சேமநிதிகளில் உலகிலேயே முந்தியவற்றுள் இது ஒன்று. தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் போட, தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்ந்தது. முதுமைக்கென்று ஒரு தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளியின் பேரில் இந்நாட்டில் திறக்கப்பட்ட முதல் ஏடு அதுவே என்று சொல்லலாம். எனினும் சேமநிதி சம்பளத்தின் நிழல். சம்பளம் குட்டையானால் நிழலும் குட்டை. நாட்கூலியில் வாழ்ந்தவன் ஐம்பத்தைந்து வயதில் எடுத்த தொகை மகளின் கல்யாணத்தோடோ ஒரு கடனோடோ கரைந்தது. அதற்குப்பின் அவன் இருபது ஆண்டு உயிர் வாழக்கூடும் என்று அவனே எண்ணியதில்லை.

பழைய குடியேற்ற நிதிக்கு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று சட்டப்படி புதுப்பிக்கப்பட்டது. முதிய, நலிந்த தென்னிந்தியத் தொழிலாளரின் பராமரிப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. நம் பாட்டன்மார் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு வாங்கிய பணம் அது. நம் முதுமைக்கென்று பெயரெழுதிய ஒரே பொதுச் சொத்து என்று சொன்னாலும் பொருந்தும். 1999-இல் ஒரு கலைப்புச் சட்டத்தின்மூலம் அந்நிதி கலைக்கப்பட்டது. எத்தனை தமிழ் மேடைகளில் அதைப்பற்றிப் பேச்சு நடந்தது? நம்மில் பெரும்பாலோர் அப்படியொரு நிதி இருந்ததையே கலைந்த பிறகுதான் கேள்விப்பட்டோம். பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டார்கள் என்று வருந்துகிறவர்கள், ஒரு சமூகம் தன் கிழவர்களின் பணத்தைப்பற்றி இத்தனை அசட்டையாக இருந்ததையும் சேர்த்து வருந்தலாம்.

நிற்க. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. அதைத் தடுக்கத் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோருக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்றானபோது, சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இங்கே நாற்பதாண்டு உழைத்தவர்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை ஓடிற்று. இளமையில் அதில் வந்து முதுமையில் அதிலேயே திரும்பியவர்கள் உண்டு. அக்கப்பல் நின்ற பிறகு ஊர் என்பது முதியவருக்கு ஒரு வழியாக இல்லாது போய், பேச்சில் மட்டும் நின்றது.

தோட்டத்தில் தங்கியவர்களின் முதுமையைத் தாங்கியது எது? அன்பு என்பார்கள். அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்புக்கு ஒரு கூரை வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்பவனுக்கே வீடு. தகப்பன் வேலையிலிருந்து நின்றால், மகனோ மருமகளோ பெரட்டில் பெயர் கொடுத்திருந்தால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். பிள்ளை தோட்டத்தைவிட்டு வெளியே போனால் கிழவர்களும் வெளியேற வேண்டும். ஆகவே கூட்டுக் குடும்பம் என்று நாம் பெருமையாகப் பேசிய அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு தோட்டத்தின் வீட்டு விதி. அதனுள்ளே இருந்து கிழவரைக் குளிப்பாட்டியவளும், மலம் எடுத்தவளும், இரவில் தண்ணீர் கொடுத்தவளும் மருமகள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பால் வெட்டி, மங்கு கழுவி, வீடு வந்து சமைத்து, அதன்மேல் இதையும் செய்தாள். ஒரு காசு கூலி இல்லை. செய்யாவிட்டால் ஏச்சு மட்டும் உண்டு. அவளுடைய உழைப்பைப் பண்பாடு என்று பெயரிட்டுப் புகழ்ந்த ஆண்கள் எவரும் அவள் கையிலிருந்த வாளியை ஒருநாள் வாங்கிப் பார்த்ததில்லை.

பிறகு நிலமே போயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் 1998-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுக்கென மைதானங்கள் எழும்பின. பெராங் புசார் முதலிய தோட்டங்கள் 1995 முதல் புத்ராஜெயா ஆயின. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேற்றப்பட்டன. அடுக்குமாடியில் கிழவருக்கு வரும் முதல் எதிரி படிக்கட்டு. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்காம் மாடியில் குடிவைக்கப்பட்ட ஒரு முழங்கால் வலிக்காரக் கிழவிக்கு அவ்வீடு சிறையாகிறது. தோட்டத்தில் அவளுக்குக் கோழி இருந்தது, கீரைப்பாத்தி இருந்தது, எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பத்து வீடுகள் இருந்தன. அவை யாவும் எந்த நஷ்டஈட்டுக் கணக்கிலும் ஏறவில்லை.

மறுபக்கம், எழுபதுகளில் சுங்கை வே முதலிய இடங்களில் தோன்றிய ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களை வேலைக்கு எடுத்தன. பின்னர் கடை, அலுவலகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நம் பெண்கள் போனார்கள். போனது சரியே என்பது நமது திடமான அபிப்பிராயம். ஒரு பெண் தன் பெயரில் சம்பளமும் சேமநிதியும் பெறுவதை, மாமியார்க்குக் கஞ்சி வைக்க ஆளில்லாமற் போயிற்றே என்ற காரணத்துக்காகக் குறை சொல்லுவது அநியாயம். ஆனால் அவள் வெளியேறியதும் வீட்டில் ஒரு வேலை வெறுமையாயிற்று. அது வேலை என்பதே அப்போதுதான் தெரிந்தது. முதியோர் இல்லத் தொழில் பிறந்தது அந்த வெறுமையில்.

அதோடு ஆயுளும் நீண்டது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்நாட்டு ஆண்மகனின் சராசரி ஆயுள் ஐம்பத்தைந்தை ஒட்டியிருந்தது. இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. நாட்டு மக்களில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7 பேருக்கு மேல். 2030-ஆம் ஆண்டளவில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 15 பேராவர் என்பது மதிப்பு. ஜப்பான் இதை முன்கூட்டி உணர்ந்து 2000-ஆம் ஆண்டிலும், ஜெர்மனி அதற்கும் முன்னதாக 1995-இலும், பராமரிப்புக்கென்றே தனிக் காப்புறுதி ஏற்படுத்தி மக்களிடம் சிறுசிறு தொகையாக வாங்கிச் சேர்த்தன. இங்கே அப்படியொன்று ஏற்படவில்லை. சர்க்கார் நடத்தும் ‘ரூமா செரி கெனாங்கான்’ இல்லங்கள் ஆதரவற்ற ஏழை முதியோருக்கானவை. தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவரையே அவை சேர்த்துக்கொள்ளும். படுக்கையில் விழுந்த ஏழைகளுக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ‘ரூமா எஹ்சான்’ என்று இரண்டு ஏற்பட்டன. செராஸில் கிறிஸ்தவத் துறவியர் நடத்திவந்த இல்லம்போல் தருமத்தால் நடப்பவையும் உண்டு. இவற்றில் இடம் பெறாதவர்களுக்கும், வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத நடுத்தரக் குடும்பங்களுக்கும் தனியார் இல்லமே வழி. ஏழைக்குப் பிள்ளை ஒருவன் இருந்துவிட்டால் அவனுக்குச் சர்க்கார் இல்லமும் கிடைப்பது அரிது. பிள்ளையிடம் மூவாயிரம் வெள்ளியும் இராது. நம் தோட்டத்து வம்சத்தார் பெரும்பாலோர் நிற்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான்.

சட்டமும் இரண்டு தோணியில் கால் வைத்தது. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் சமூகநல இலாகாவின் கையில். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையச் சட்டத்தின்படி தாதியர் இல்லங்கள் சுகாதார அமைச்சின் கையில். இரண்டையும் இணைக்கும் நோக்கத்தோடு 2018-ஆம் ஆண்டின் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம் வந்தது. நிறைவேறிய பின்னும் அது பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் காத்துக் கிடந்தது. இதற்கிடையில் பதிவு செய்யாத இல்லங்கள் பல தெருக்களில் முளைத்தன. அவற்றில் சில மனிதாபிமானத்தோடு நடப்பவை, சில அப்படியல்ல.

இப்போது ஆளுக்கு வருவோம். கிள்ளானுக்கு அருகில் ஓர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம், பெயர் வேண்டியதில்லை. அங்கே மறதி நோயுற்ற ஒரு பாட்டி இருக்கிறார். தம் வாழ்நாளெல்லாம் பால் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு, கத்தி எங்கே, வாளி எங்கே, பெரட்டுக்கு நேரமாயிற்று என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பாராம். அவரைத் தடுத்தால் சண்டை. அங்கே இரவு வேலை பார்ப்பவள் இந்தோனேசியாவின் கிழக்குத் தீவொன்றிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண். அவள் இரப்பர் மரத்தில் கத்தி வைத்ததில்லை. ஆனால் எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறாள். பாட்டியின் அருகில் உட்கார்ந்து, “மழ பாட்டி, மழ. இன்னிக்கு பெரட்டு இல்லே” என்கிறாள். பாட்டி ஓட்டைப் பார்த்துக் காது கொடுத்துவிட்டு, அன்றைய கூலி போயிற்றே என்று முணுமுணுத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறார். அவளுடைய தாய் ஊரில் இருக்கிறாள் என்றும், அத்தாயை இவளுடைய மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள் என்றும், அம்மகளுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று என்றும் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டோம்.

இத்தகைய பெண்கள் எந்த விதிகளின்படி இங்கே வருகிறார்கள்? வெளிநாட்டுத் தொழிலாளர் 18 வயதுக்குக் குறையாமலும் 45 வயதுக்கு மேற்படாமலும் வரவேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணானால் 21 முதல் 45. வைத்தியச் சோதனையில் தேற வேண்டும், தேறாவிட்டால் திருப்பியனுப்பப்படுவர். குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. குறித்த ஆண்டுகள் முடிந்தால் ஊருக்குப் போக வேண்டும். இவ்விதிகளை வாசிக்கும்போது நேயர்களுக்கு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? துறைமுகத்தில் ஒதுக்கிவைத்துச் சோதித்ததும், வலுவுள்ள வயதை மட்டும் எடுத்துக்கொண்டதும், நலிந்தவனைக் கப்பலேற்றியதும் நமக்கு நடந்தவை. கங்காணிக்குப் பதில் ஏஜண்டு. கப்பலுக்குப் பதில் விமானம். அன்று மலாயாவின் கணக்கிலிருந்து தள்ளப்பட்ட முதுமை நம் பாட்டனுடையது. இன்று தள்ளப்படுவது, நம் பாட்டியைத் துடைத்துவிடும் இந்தப் பெண்ணுடையது.

சம்பளத்தைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அவ்வுத்தரவு பொருந்தாது. வீட்டில் கிழவரைப் பார்க்க வந்தவளும், அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, குழாய் வழியாக உணவு செலுத்தி, இரவெல்லாம் விழித்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் பணிப்பெண்தான். 2025 அக்டோபர்ச் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமாயிற்று. முதலாளி நூற்றுக்கு 2, தொழிலாளி நூற்றுக்கு 2. உள்நாட்டவருக்கு முதலாளி போடுவது 12 அல்லது 13. இந்த இரண்டிலும்கூட வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பங்கில்லை. 1951-இல் நமக்குத் திறக்கப்பட்ட ஏடு, எழுபத்து நான்கு ஆண்டு கழித்து அவளுடைய சகோதரிகள் சிலருக்குத் திறக்கப்பட்டிருக்கிறது என்ற அளவில் நாம் அதை வரவேற்கிறோம். அவளுக்கு இன்னும் திறக்கப்படவில்லை.

உள்நாட்டு இளைஞர்கள் இவ்வேலைக்கு வருவதில்லை என்ற குறைக்கு நாம் சொல்லும் பதில் வேறில்லை. முதுகு ஒடியத் தூக்கும் வேலை, மலம் துடைக்கும் வேலை, மரணத்தை அருகிலிருந்து பார்க்கும் வேலை. அதற்குக் கடையில் பில் போடுபவருக்குக் கிடைக்கும் சம்பளமே என்றால், படித்த பிள்ளை கடைக்குத்தான் போவான். பயிற்சி பெற்ற தாதிகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். அங்கே அவர்கள் கைக்கு விலை உண்டு. இல்லம் நடத்துபவரையும் முழுதாகக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் சம்பளத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் கிழவரை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வீட்டில் யாராவது ஒரு பெண் வேலையை விடுவாள். பழையபடி மருமகள் தலையில்தான் வந்து இறங்கும்.

சிங்கப்பூர் 1995-இலும், இந்தியா 2007-இலும் பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. இங்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும்புகிறது. சொத்தை வாங்கிக்கொண்டு பெற்றவரைத் தெருவில் விடுகிறவனுக்கு அச்சட்டம் வேண்டியதே. ஆனால் 1,700 வெள்ளிச் சம்பளக்காரன்மீது வழக்குத் தொடுத்து எந்த நீதிபதி மூவாயிரம் வெள்ளியை வரவழைப்பார்? இல்லாதவனிடம் இருப்பதைப் பங்கிடச் சொல்லும் சட்டத்தால் ஒரு கட்டிலுக்கும் ஆள் வராது.

நம் சமூகம் தன் அளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. பெரிய மண்டபங்களும் அவற்றில் ஆண்டுக்குப் பல நாள் பூட்டியே கிடக்கும் அறைகளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்கு ஏராளம். திருவிழா ஒன்றில் வாணவேடிக்கைக்கும் பந்தலுக்கும் கரையும் தொகையில் பத்துப் பெண்களுக்கும் பத்து ஆண்களுக்கும் முதியோர் பராமரிப்பில் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற திறன் பயிற்சி கொடுத்துவிடலாம். ஆண்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். பக்கவாதம் வந்த எண்பது கிலோ கிழவரைத் தூக்கி உட்கார வைப்பது ஏன் பெண்ணின் வேலையாகவே இருக்க வேண்டும்? பகலில் மட்டும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மண்டபம் ஒவ்வொரு அடுக்குமாடிப் பகுதியிலும் இருக்குமானால், மருமகளும் மகளும் வேலைக்குப் போகலாம். கிழவரும் இரவில் தன் வீட்டில் படுக்கலாம். தோட்டத்துக்கு ஓர் ஆயாக் கொட்டகை இருந்ததுபோல் அது இருக்கட்டும். கூலி மட்டும் ஆயாவுக்குக் கொடுத்த கூலியாக இருக்கக் கூடாது.

தொழிற்சங்கங்களும் சர்க்காரும் செய்யவேண்டியது அதைவிடப் பெரிது. வீட்டில் கிழவரைப் பார்ப்பவளும் தொழிலாளி என்று சட்டத்தில் எழுத வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமும் சேமநிதியும் அவளுக்கும் சேர வேண்டும். பராமரிப்புச் செலவை ஜப்பானியர் செய்ததுபோல் நாடு முழுதும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நிதி வேண்டும். 1999-இல் கலைந்த நிதிக்கு ஈடாக அதில் முதல் தொகையை யார் போட வேண்டும் என்பதைச் சர்க்கார் யோசிக்கட்டும். கிள்ளான் இல்லத்துப் பெண்ணுக்குப் பெர்மிட் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறதாம். அது முடிந்து அவள் போனபின், பாட்டிக்கு மழையைப்பற்றிச் சொல்லப் புதிதாக வருகிறவள் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.